காலியாக விடலாம்

பத்தனந்திட்டை
12 ஜூன் 2023, திங்கள்

ரஹ்னா,

வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் செய்து அடைத்துவிட்டாய். போன் செய்தால் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. மின்னஞ்சலை மட்டும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அல்லது வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாயா, தெரியவில்லை. இதையும் அடைப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. ஆபீஸுக்குக் கீழே பேக்கரிக்காரர் முன்பக்கம் தகரம் இறக்கியிருக்கிறார். அதில் விழும் சத்தத்தில் ஒரு போன் பேச முடியவில்லை. உன் நாற்காலியில் பழைய பிரிண்டரைத் தூக்கி வைத்திருக்கிறேன். உன் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. வீட்டில் லிஸி இரண்டு நாளைக்கு ஒருதரம் "அந்தப் பொண்ணு எப்படியிருக்கான்னு கேட்டீங்களா?" என்பாள். நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துப் பஞ்சாயத்தும் நம்முடைய 'சுகமா'வைக் கேட்கிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் காலையில் போன் போய், சுகமென்றால் ஒன்றை அழுத்துங்கள் என்று சொல்லும் ஏற்பாடு இன்னொரு ஊரிலும் வந்தால் நல்லதுதானே. குரலை மட்டும் வேறு ஆளை வைத்துப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். என் குரல் சளி பிடித்த மாதிரி இருக்கிறதாம்.

அதற்காகப் பழைய புரோகிராம் கோடைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிவுப் படிவத்தில் 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்' என்ற கட்டம் இருக்கிறதே, அதற்கு நீ என்னென்ன விவரம் அனுப்பியிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

பூனாவில் சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா?

ஜோமோன்

*

பூனா
15 ஜூன்

ஜோமோன் சேட்டா,

சும்மா கேட்கிறவர் இரண்டு மாதம் கழித்துக் கேட்கமாட்டார்.

என்னென்ன அனுப்பினேன் என்று நினைவிருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று. நாட்டுக் குறியீடு தொண்ணூற்றொன்று. கட்டத்துக்குக் கீழே வர வேண்டிய குறிப்பு: 'யாரும் இல்லையென்றால் காலியாக விடலாம்.' மூன்றாவது, இந்தக் கட்டம் கட்டாயமில்லை என்பது. அந்த மூன்றாவதைத்தான் பஞ்சாயத்தின் ஏப்ரல் கூட்டத்தில் பதினாறு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். "நான் கட்டாயமில்லைன்னுதான் எழுதினேன்" என்றேன். பிரசிடெண்ட் டேப்லெட்டை எடுத்து, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு பட்டனை அழுத்திக் காட்டினார். சிவப்பில் வந்தது, 'இது கட்டாயம்' என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஃபார்ம் ரஹ்னா பார்த்தது" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். பொய்யில்லைதான். ஃபார்ம் நான் பார்த்தது.

ஔதக்குட்டியின் பெயரை உங்கள் கடிதத்தில் காணோம். நான் எழுதுகிறேன். பழைய பஸ் கண்டக்டர், எழுபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். பஞ்சாயத்துக்காக வீடு வீடாகப் பதிவு எடுத்த ஓமனச்சேச்சி டேப்லெட்டோடு போனபோது அவசரத்துக்கு யார் என்று கேட்டிருக்கிறாள். யாருமில்லை என்றிருக்கிறார். காலியாக விட்டால் படிவம் நகரவில்லை. "யாராச்சும் ஒருத்தர் நம்பர் சொல்லுங்க சேட்டா, இது விடமாட்டேங்குது" என்றிருக்கிறாள். "எனக்கு நான்தான். என் நம்பரையே போடு" என்றாராம். போட்டுவிட்டாள். மார்ச் மாதம் குளியலறையில் விழுந்தார். காலை அழைப்பை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துவிட்டு, நம் ஏற்பாடு ஒழுங்காக அவசர எண்ணைக் கூப்பிட்டது. கட்டிலில் கிடந்த அதே போன் மறுபடி அடித்தது. மூன்று நாள் அப்படியே அடித்தது. ஒரு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

காலியாக விட்டிருந்தால் அவர் பெயர் நேரில் போய்ப் பார்க்கும் பட்டியலுக்குப் போயிருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆள் போயிருக்கும். அந்த விதியை எழுதியது நாம் இரண்டு பேரும்தான்.

படிவம் நான் எழுதினேன். அந்தக் கட்டத்தை இயக்குகிற கோடை, அதன் கிளாஸை யார் எழுதியது? திறந்து பாருங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்கிறது.

ரஹ்னா

*

பத்தனந்திட்டை
18 ஜூன், ஞாயிறு

ரஹ்னா,

இதை மூன்று தரம் எழுதி அழித்தேன். லிஸி கோயிலுக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தலைவலி என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

திறந்து பார்த்துவிட்டேன். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு மூன்று நாள் முன்னாலேயே பார்த்துவிட்டேன். நீயே கண்டுபிடித்துத் திட்டினால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் சும்மா கேட்கிறேன் என்று எழுதினேன். கேவலம்தான்.

தொடக்கவிழாவுக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலரை மணி. உன் படிவத்தை என் கட்டத்தோடு சேர்த்தாய். எரர் வந்தது, நினைவிருக்கிறதா? எதிர்பாராத கீவேர்ட் ஆர்க்யுமென்ட் வந்திருக்கிறது என்று. என் கிளாஸுக்கு நாட்டுக் குறியீடு ஒன்றைத்தான் பெயர் சொல்லி வாங்கத் தெரியும். நீ இன்னும் இரண்டு பெயர்களில் விவரம் அனுப்பியிருந்தாய். "சேட்டா, உங்க கிளாஸ் என்னோடதை வாங்கமாட்டேங்குது" என்றாய். "இப்ப வாங்கும் பாரு" என்று இரண்டு நட்சத்திரக் குறி போட்டேன். எந்தப் பெயரில் எது வந்தாலும் வாங்கிக்கொள் என்று அர்த்தம். எரர் போய்விட்டது. நீ கைதட்டினாய்.

வாங்கியதை அப்படியே, எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான தாய்க் கிளாஸிடம் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வரியிலும் அதே இரண்டு நட்சத்திரம் போட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து போடலாம் என்று கீழே இறங்கினேன். பேக்கரியில் பிரசிடெண்ட் நின்றிருந்தார், பந்தல், மைக், யார் விளக்கேற்றுவது என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். மேலே வந்தபோது திரையில் எரர் இல்லை. எரர் இல்லாத இடத்தில் நான் ஏன் கை வைக்கப் போகிறேன். நீ அனுப்பியதெல்லாம் உள்ளே வந்து, யாரிடமும் போய்ச் சேராமல் அங்கேயே தொலைந்துபோனது. தாய்க் கிளாஸுக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது எந்தக் கட்டத்தையும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளும். அது பாட்டுக்கு வைத்துக்கொண்டது.

யார் எந்த வரியை எந்தத் தேதியில் எழுதினார் என்று பதிவு காட்டுகிறது. என் பெயர் இருக்கிறது. 4.38 என்று மணிகூட இருக்கிறது.

ஏப்ரல் கூட்டத்தில் எனக்கு இது தெரியாது. அது சத்தியம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது ஏதோ என் பக்கம்தான் தப்பு என்று தோன்றியது. அதனால்தான் ஜன்னலைப் பார்த்தேன். அன்றைக்கே ஆபீஸுக்கு வந்து அந்தக் கிளாஸைத் திறந்திருந்தால் நீ போயிருக்க மாட்டாய். திறக்கவில்லை. இரண்டு மாதம் திறக்கவில்லை.

உன் உம்மா இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில் உன்னை அப்படி நிற்க வைத்தேன். மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. எழுதிவிட்டு, இதை அனுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜோமோன்

*

பூனா
20 ஜூன்

ஜோமோன் சேட்டா,

மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம். எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது, அதைக் கடிதத்தில் கொட்டினால் நீங்கள் படித்துவிட்டு ஆறுதலாகிவிடுவீர்கள். அதனால் கொட்டவில்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். தொடக்கவிழாவன்று கட்டத்துக்குக் கீழே என் குறிப்பு வரவில்லை என்பதைக் கவனித்தேன். உங்களிடம் கேட்டேன். "பிரவுசர்ல பழைய பக்கம் தங்கியிருக்கும், நாளைக்கு வந்துடும்" என்றீர்கள். நான் விட்டுவிட்டேன். மறுநாளும் வரவில்லை. பிறகு உம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அதைப் பற்றிய நினைப்பே இல்லை.

இன்னொன்று. அந்தப் படிவத்தை நான் முப்பது நாற்பது தரம் நிரப்பிச் சோதித்திருப்பேன். ஒரு தரம்கூட அந்தக் கட்டத்தைக் காலியாக விடவில்லை. விரல் தானாக உம்மாவின் எண்ணைப் போட்டுவிடும். நீங்கள் சோதித்தபோது லிஸிச்சேச்சியின் எண். காலியாக விடுகிற ஆளுக்காகத்தான் அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லாமல் வைத்தோம். அந்த ஆளாக நம் இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் இருக்கத் தெரியவில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். ஔதக்குட்டி ஒருவர்தானா?

பதிவு முடிந்ததற்கு டிசம்பரில் வைத்த விழாவில் வார்டு மெம்பர் மைக்கில் என்ன சொன்னார்? "நம்ம பஞ்சாயத்துல ஆதரவில்லாத ஆளே கிடையாது, கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். நேரில் போகும் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. பூஜ்யம். நாமும் மேடையில் உட்கார்ந்து கைதட்டினோம். நானூறு பேருக்கு மேல் தனியாக இருக்கும் ஊரில் ஒருவருக்குக்கூட ஆளில்லாமல் இராது என்று யாருக்கும் தோன்றவில்லை.

நட்சத்திரத்தைப் போட்டுச் சரிசெய்தால் இனி வருகிறவர்களுக்குத்தான் ஆகும். ஏற்கெனவே வந்தவர்கள் அப்படியே கிடப்பார்கள். தன் எண்ணும் அவசர எண்ணும் ஒன்றாக இருப்பவர்களைத் தேடுங்கள். அப்புறம் ஒரே அவசர எண் பல பேருக்கு வந்திருக்கிறதா பாருங்கள், அது பதிவு செய்யப் போனவர்களின் எண்ணாக இருக்கும். மீதி எண்களையும் ஓமனச்சேச்சியை விட்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். டீ குடித்துவிட்டு வந்து அல்ல.

ரஹ்னா

*

பத்தனந்திட்டை
2 ஜூலை

ரஹ்னா,

உன் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். ஔதக்குட்டியைத் தவிர, தன் எண்ணையே கொடுத்தவர்கள் இன்னும் பதினொரு பேர். ஓமனச்சேச்சியின் எண் ஆறு பேருக்கு. ஆக ஆளில்லாதவர்கள் பதினேழு.

"ஆறு பேருக்கு நீங்க எப்படி சேச்சி அவசரத்துக்கு ஓடுவீங்க?" என்றேன். "என்ன செய்யச் சொல்றே மோனே? அந்தச் சனியன் நம்பர் குடுக்காம விடமாட்டேங்குது. அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? என்னோடதைப் போட்டுட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நான்கு வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கஞ்சி கொண்டுபோய்க்கொண்டிருக்கிறாள்.

பதினேழு வீட்டுக்கும் நாங்கள் இருவரும் போனோம். குடை பிடித்து, சேற்றில் வழுக்கி, எட்டு நாள். எல்லாரும் இருக்கிறார்கள். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான் பேசினேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், விட்டால் ஆள் வரும், நாங்கள் செய்த தப்பால்தான் உங்களிடம் எண் கேட்டது என்றேன். தேவகியம்மா என்று ஒருத்தர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு எங்கள் குடைகளை வாங்கித் திண்ணையில் விரித்து வைத்தார். அப்புறம், "நம்பர் கேட்டப்போ எனக்கு எவ்வளவு வெட்கமாப் போச்சு தெரியுமா. பக்கத்து வீட்டுப் பொண்ணு வேற நின்னுட்டிருந்தா. என் நம்பரைத்தான் மக நம்பர்னு சொன்னேன். எனக்கு மக எங்கே?" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம். அதே பதினாறு பேர். நான் எழுந்து, படிவத்தில் தப்பில்லை, ரஹ்னா கட்டாயமில்லை என்றுதான் எழுதினாள், அதை வாங்கி மேலே கொடுக்காமல் விட்டது என் வரி என்றேன். தேதியும் மணியும் திரையில் போட்டுக் காட்டினேன். பிரசிடெண்ட், "அப்ப ஏன் அன்னிக்குச் சொல்லலே?" என்றார். "அன்னிக்கு ஜன்னலைப் பார்த்துட்டிருந்தேன் சார்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பஞ்சாயத்து வேலை இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரியென்று வந்துவிட்டேன்.

நேரில் போகும் பட்டியல் இப்போது பூஜ்யமில்லை. மீதி எண்களை ஓமனச்சேச்சி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜோமோன்

*

பூனா
5 ஜூலை

ஜோமோன் சேட்டா,

படித்தேன். பதினேழு பேரும் இருக்கிறார்கள் என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

தேவகியம்மா சொன்னது எனக்குப் புரிகிறது. ஏப்ரலில் இங்கே வேலையில் சேர்ந்தபோது என்னிடமும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று. விரல் உம்மாவின் எண்ணைப் பாதி போட்டுவிட்டது. அழித்தேன். அண்ணன் ஷார்ஜாவில் இருக்கிறான், பெருநாளுக்குப் பெருநாள் பேசுவான், அவன் எண் அடிக்கடி மாறும். காலியாக விட்டேன். விடவில்லை. சிவப்பில் எரர். இன்னொரு சிம் வைத்திருக்கிறேன், அந்த எண்ணைப் போட்டேன். உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதினேன். ஔதக்குட்டியாவது உண்மையைச் சொன்னார்.

இங்கே என்னோடு அறையில் இருந்த பெண் மே மாதமே போய்விட்டாள். வேறு ஆள் வரவில்லை. கீழே கடைக்காரர் தினமும் போஹா, நம்ம அவல் உப்புமாதான், கட்டிக் கொடுக்கிறார். எத்தனை ரூபாய் என்பதைத் தவிர நான் ஒரு நாள் முழுக்க வாய் திறந்து பேசாத நாட்கள் உண்டு. ஆபீஸில் எல்லாம் தட்டச்சுத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். கூட்டத்தில் சொன்னதற்கு நன்றி. இதற்கு மேல் நமக்குள் எழுத ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். லிஸிச்சேச்சியிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ரஹ்னா

*

பத்தனந்திட்டை
9 ஜூலை, ஞாயிறு

ரஹ்னா,

எழுத ஒன்றுமில்லை என்றாய். இது ஒன்று இருக்கிறது. படித்துவிட்டு அடைத்துக்கொள்.

நேற்று ஓமனச்சேச்சி அவசர எண்களைக் கூப்பிட்டு முடித்தாள். நானூற்றுச் சொச்சத்தில் ஒரே ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று வந்ததாம். "பதிவு எண் ஒன்னு. பேரு ரஹ்னா, வயசு எழுபதுன்னு போட்டிருக்கு. இது நம்ம ரஹ்னாவா மோனே?" என்றாள்.

நீ சோதனைக்காகப் போட்ட முதல் பதிவு. வயது எழுபது என்று நீதான் சிரித்துக்கொண்டே போட்டாய். அழிக்க வேண்டும் என்று இருவருமே மறந்துவிட்டோம். அதாவது, நான் மறந்துவிட்டேன்.

அழிக்கலாம் என்று திறந்தேன். அதன் அழைப்புப் பதிவைப் பார்த்தேன். காலை ஒன்பது பத்துக்கு உனக்குப் போன் போயிருக்கிறது. நீ எடுத்து ஒன்றை அழுத்தியிருக்கிறாய். முந்தின நாளும். அதற்கு முந்தின நாளும். ஏப்ரல் இருபத்து நான்கு, நீ பூனாவுக்கு ரயிலேறிய நாளிலிருந்து எண்ணினேன். இன்றோடு எழுபத்தேழு நாள். ஒரு நாள் விடவில்லை. என் எண்ணை அடைத்திருக்கிறாய், ஆபீஸ் எண்ணை அடைத்திருக்கிறாய், இதை மட்டும் எடுத்து ஒன்றை அழுத்தியிருக்கிறாய்.

அந்த அழைப்பில் என் குரல்தான் வருகிறது என்பது உனக்குத் தெரியும். நீதான் பதிவு செய்தாய். "சுகந்தானா? சுகம்னா ஒன்னை அழுத்துங்க. இல்லேன்னா சும்மா இருங்க, நாங்க வர்றோம்."

மே பத்தொன்பது அன்று மட்டும் இரண்டு அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாவதில் அழுத்தியிருக்கிறாய். அன்றைக்கு உனக்கு என்ன? அதையும் எடுக்காமல் விட்டிருந்தால் உம்மாவின் எண்ணுக்குப் போயிருக்கும். அங்கே யார் எடுப்பது. அதை நினைத்து நினைத்து நேற்றிலிருந்து அந்தப் பதிவையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். லிஸியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதிவை நான் அழிக்கவில்லை. உம்மாவின் எண் இருக்கும் இடத்தில் என் எண்ணைப் போடட்டுமா? இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் அந்தக் கட்டத்தில் கை வைக்கமாட்டேன்.

ஜோமோன்

*

பூனா
11 ஜூலை

ஜோமோன் சேட்டா,

மே பத்தொன்பது காய்ச்சல். நூற்று மூன்று. போன் மேஜைமேல் இருந்தது, நான் தரையில் இருந்தேன். முதல் இரண்டு தடவையும் அடிப்பது கேட்டது, எழ முடியவில்லை. மூன்றாவது தடவை தவழ்ந்து போய் எடுத்தேன். எடுக்காவிட்டால் உம்மாவின் எண்ணுக்குத்தான் போகும் என்று எனக்கும் தெரியும். அந்தப் புரோகிராம் வரி நான் எழுதியது.

அந்த அழைப்பையும் அடைத்துவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஒன்பது பத்து ஆகும். உங்கள் சளி பிடித்த குரல் வரும். பின்னால் பேக்கரி ஷட்டர் தூக்குகிற சத்தமும் பதிவாகியிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அழுத்திவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவேன். ஒரு நாளில் என்னிடம் சுகமா என்று கேட்கிறது அது ஒன்றுதான். உங்கள் மேல் இருந்த கோபம் வேறு, அது வேறு. இரண்டையும் நான் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. குரலை மாற்றிவிடாதீர்கள்.

பெரும்பாலான நாள் பொய்யாகத்தான் ஒன்றை அழுத்தினேன்.

உம்மாவின் எண்ணை எடுத்துவிடுங்கள். நானே எடுத்திருக்க வேண்டும், கை வரவில்லை. நீங்கள் எடுத்தால் பரவாயில்லை.

அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட வேண்டாம். லிஸிச்சேச்சியின் எண்ணும் வேண்டாம். இரண்டு நட்சத்திரத்தையும் இப்போது ஒழுங்காகப் போட்டிருப்பீர்கள், படிவம் விடும். காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் நாம் எழுதிய விதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எல்லாம் வேண்டாம். எர்ணாகுளத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது. லிஸிச்சேச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வந்தால் போதும்.

ரஹ்னா